கிடைக்காத நீலக் கண்கள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஏதாவது வந்தால், அவசரமாக மூடி வைத்துவிடாமல் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஆலயத்தின் பெயர், தேதி, நேரம் எல்லாம் கறாராக இருக்கும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. மெட்ராஸிலிருந்து வருகிற சித்தப்பாவுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. ஆனாலும் நடுவில் ரெண்டே ரெண்டு வார்த்தை அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

'கர்த்தருக்குச் சித்தமானால்...'

அதாவது, இவ்வளவு ஏற்பாடும் எங்களுடையது. நடப்பதும் நடக்காததும் அவர் கையில்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் என்று ஒன்று உண்டு. இந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. சுவாரசியம் என்னவென்றால், யாக்கோபு இந்தப் புத்திமதியைச் சொன்னது சாமியார்களுக்கு அல்ல, வியாபாரிகளுக்கு! 'இன்ன ஊருக்குப் போவேன், ஒரு வருஷம் கடை போடுவேன், லாபம் பார்ப்பேன்' என்று திட்டம் போடுகிற ஆசாமியைப் பார்த்து, 'நாளைக்கு நீ இருப்பாயா என்பதே உனக்குத் தெரியாதே, கொஞ்சம் அடக்கி வாசியப்பா' என்கிறார். காமர்ஸ் படித்த எனக்கு இது உடனே புரிந்தது. எந்த பட்ஜெட்டிலும் எதிர்பாராச் செலவு என்று ஒரு வரி போட்டுவைப்போம் இல்லையா, அந்த மாதிரி!

ஆனால் உண்மையில் அது அவ்வளவு லேசான சமாசாரமா?

யோசித்துப் பாருங்கள். கோயிலோ, சர்ச்சோ, தர்காவோ, நாம் கும்பிடப் போகும்போது கையில் என்ன கொண்டுபோகிறோம்? ஒரு லிஸ்ட்! பையனுக்கு சீட், பெண்ணுக்கு வரன், மாமியாருக்கு ஆபரேஷன், நமக்கு டிரான்ஸ்ஃபர். லிஸ்ட்டைப் படித்து முடித்துவிட்டு, கடைசியில் 'உன் இஷ்டப்படி செய்' என்றும் சொல்கிறோம். மனசுக்குள்ளே மட்டும் ஒரு சின்னக் குரல்... 'உன் இஷ்டம் என் இஷ்டமாகவே இருக்கட்டும் சாமி!'

சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபத்தையும் கவனிக்க வேண்டும். இந்தத் துன்பம் என்னை விட்டு நீங்கட்டும் என்று முதலில் கேட்கத்தான் செய்கிறார். ஒளிவு மறைவு இல்லாமல் கேட்கிறார். பிறகுதான், என் விருப்பம் அல்ல, உம்முடைய விருப்பமே ஆகட்டும் என்று ஒப்புக்கொடுக்கிறார். ஆக, கேட்பது தப்பே இல்லை. கேட்டபிறகு கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறோமா, இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறோமா என்பதுதான் விஷயம்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இந்த விவகாரம் ஐரோப்பியப் பாதிரியார்கள் வந்துதான் தெரியவேண்டும் என்றில்லை. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. சரணாகதி என்பது இங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல் பேசித் தீராத சங்கதி. வைணவர்களில் வடகலையாரும் தென்கலையாரும் இதற்கு அழகான உவமை வைத்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். இது வடகலை. பூனைக் குட்டியோ எதுவும் செய்யாது. தாய்ப் பூனையே கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். இது தென்கலை. எங்கே தூக்கிக்கொண்டு போகிறது என்று பூனைக்குட்டி கேட்பதில்லை.

பூனைக்குட்டியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை, இதே பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஓர் அயர்லாந்துப் பெண்மணியின் கதையை வைத்துப் பார்க்கலாம். பெயர், ஏமி கார்மைக்கேல்.

அவரது கதை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் ஆரம்பிக்கிறது.

வடக்கு அயர்லாந்தில், கடலோரமாக மில்லைல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மாவு மில் நடத்தி வந்த குடும்பத்தில் 1867 டிசம்பர் 16-ம் தேதி பிறந்தவர் ஏமி. மொத்தம் ஏழு குழந்தைகள், இவர் மூத்தவர். மூன்று வயசு இருக்கும்போது ஏமிக்கு ஓர் ஆசை. அம்மாவின் கண்கள் நீலம். தனக்கோ பழுப்பு. கேட்டால் கடவுள் கொடுப்பார் என்றுதானே அம்மா சொல்லியிருக்கிறாள்? ராத்திரி படுக்கப் போகும்முன் மண்டியிட்டு, நீலக் கண் வேண்டும் என்று கேட்டது குழந்தை. துளிகூட சந்தேகமில்லாமல் தூங்கிப்போனது.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியைப் பார்த்தது.

பழுப்பு!

அந்தச் சின்ன மனசு அன்றைக்கு என்ன பாடுபட்டிருக்கும்! 'இல்லை' என்று சொல்வதும் ஒரு பதில்தானே என்று பெரியவர்கள் தேற்றினார்களாம். ஏமி அதைக் கடைசிவரை மறக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவருக்கு அந்தப் பதில் வந்துகொண்டேதான் இருந்தது.

17 வயசில் அப்பா இறந்துபோனார். பெல்ஃபாஸ்ட் மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்களிடையே சமூகப் பணி செய்தார் ஏமி. பிறகு மிஷனரியாக வெளிநாடு போக வேண்டும் என்ற வேகம். 1892-ல் சீனா போகலாம் என்று மூட்டை முடிச்சுக் கட்டித் தயாரானார். மருத்துவப் பரிசோதனையில் 'உடம்பு தாங்காது' என்று நிறுத்திவிட்டார்கள். இல்லை!

சரி, ஜப்பான். 1893-ல் போனார். சுமார் பதினைந்து மாதம். நரம்பு வலியும் பலவீனமும் படுக்கையில் தள்ளின. இல்லை! அங்கிருந்து இலங்கை. அங்கேயும் நிலைக்க முடியவில்லை. ஊர் திரும்பினார்.

கடைசியில் 1895-ல் இந்தியா. பெங்களூரின் சீதோஷ்ணம் நோஞ்சான் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்ற கணக்கில்தான் அனுப்பினார்கள். இருபத்தெட்டு வயசுகூட நிறையாத அந்தப் பெண், அதற்குப் பிறகு 55 வருஷம், ஒரே ஒருமுறைகூட சொந்த நாட்டுக்கு லீவில் போகவில்லை. உடம்பு தாங்காது என்று சொல்லப்பட்டவர் அவர்!

தாமஸ் வாக்கர் என்று ஒரு மிஷனரி. நெல்லைச் சீமையில் பணி செய்தவர், தமிழில் கெட்டிக்காரர். தமிழ் கற்க வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கு வாருங்கள் என்று அவர்தான் அழைத்துவந்தார். பாளையங்கோட்டை அப்போதே கிறிஸ்தவ ஊராகப் பெயர் வாங்கியிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குளோரிந்தா அம்மாள் 1785-லேயே அங்கே ஒரு சர்ச் கட்டியிருந்தார். 1820-ல் வந்து சேர்ந்த ரேனியஸ் ஐயர் கட்டிய ஆலயம் 1826-லிருந்து நிற்கிறது.

ஏமியின் ஆசை என்ன தெரியுமா? கிராமம் கிராமமாகப் போய் வேதத்தைச் சொல்ல வேண்டும். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடவே நம்மூர்ப் பெண்கள் சிலர். இளம் விதவையான பொன்னம்மாள் அதில் முக்கியமானவர். வெள்ளைக்காரப் பெண்மணி நம்ம ஊர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, நம்ம பெண்களோடு சுற்றுவது அன்றைக்கு எவ்வளவு அதிசயம்! ஊர்க்காரர்கள் இந்தக் குழுவுக்கு நட்சத்திரக் கூட்டம் என்றே பேர் வைத்தார்கள்.

அந்த ஆசைக்கும் ஒரு 'இல்லை' காத்திருந்தது.

1901 மார்ச் மாதம். ஏமி பண்ணைவிளையில் இருக்கிறார். தாமிரபரணி கடலைச் சேரப்போகிற பகுதி, இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். பக்கத்துப் பெருங்குளத்திலிருந்து ஏழு வயசுச் சிறுமி ஒருத்தி தப்பித்து வந்து சேர்ந்தாள். பெயர் பிரீனா. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்காக ஒப்படைக்கப்பட்ட குழந்தை. ஏற்கெனவே ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயே திருப்பி அனுப்பிவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டிருந்தார்கள். தான் பார்த்ததையும் கேட்டதையும் தன் பாஷையில் அந்தக் குழந்தை சொல்லச் சொல்ல, ஏமி ஆடிப்போனார்.

ஒரு குழந்தை வந்தது. இன்னொன்று வந்தது. 1904-ல் 17 பேர். 1913-ல் 130 பேர்!

கிராமம் சுற்ற வேண்டும் என்று வந்தவர், பால் புட்டி கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போட்டுவிடும் என்று நம்மூரில் சொல்வார்கள் இல்லையா? ஏமியும் அதைக் கேட்டிருக்கிறார், எழுதியும் இருக்கிறார். இவ்வளவு பெரிய ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலையா என்ற கேள்வி வெளியிலிருந்தும் வந்தது, உள்ளேயிருந்தும் வந்தது. காலைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். மிஸ் கார்மைக்கேல் 'அம்மா' ஆனார்.

களக்காட்டு மலையடிவாரத்தில், டோனாவூரில் நிரந்தரமாகக் குடியேறினார்கள். (டோனாவூர் என்ன பேர் என்று நீங்கள் யோசித்திருக்கலாம். ரேனியஸ் காலத்தில் சர்ச் கட்டப் பண உதவி செய்த டோனா என்கிற பிரஷ்யப் பிரபுவின் பெயர் அது. பிரஷ்யப் பிரபுவும் தமிழ் ஊரும் கைகோத்த பேர்!)

இப்போது கண்ணாடிக்கு வருவோம். கோயில்களைச் சுற்றி நடப்பதைத் தெரிந்துகொள்ள, சேலை கட்டி, வெளுத்த தோலில் காப்பித் தூளைப் பூசி, மாறுவேஷத்தில் போய் வருவார் ஏமி என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தோலுக்குச் சாயம் பூசலாம். கண்ணுக்கு? நீலக் கண்ணோடு போயிருந்தால் தெருமுனையிலேயே பிடிபட்டிருப்பார். மூன்று வயசில் வந்த 'இல்லை'க்கு முப்பது வயசுக்கு மேல் அர்த்தம் கிடைத்தது!

சர்ச்சுகளில் பெரும்பாலும் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். கைதட்டலாம். 'பார்த்தீர்களா, கடவுள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்' என்று வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் எல்லாக் கணக்கும் இப்படி டாலியாவதில்லை சார்!

தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைகள் டோனாவூருக்கு வந்தன. பால் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஜாதி குறுக்கே நின்றது. வயிற்றுப்போக்கு வந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை. ஏமி மடியில் வைத்து ஜெபித்த குழந்தைகள் பலர் பிழைக்கவில்லை. 1912-ல், குருவாகவும் பக்கபலமாகவும் இருந்த வாக்கர், மசூலிப்பட்டினத்துக்குக் கூட்டம் நடத்தப் போன இடத்தில் இறந்துபோனார். அடுத்து பொன்னம்மாளுக்குப் புற்றுநோய். வேதத்தில் சொல்லியிருக்கிறபடி எண்ணெய் பூசிக்கூட ஜெபித்தார்கள். வலிதான் கூடியது. 1915-ல் பொன்னம்மாளும் போய்விட்டார்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் ஏதோ நீலக் கண் காரணம் தெரியவந்ததா? இல்லை. தெரிந்ததாக ஏமியும் சொல்லிக்கொள்ளவில்லை. காரணம் தெரியாமலே நம்புவதற்குப் பெயர்தான் நம்பிக்கை என்பது அவர் கட்சி. காரணம் தெரிந்தபிறகு நம்ப என்ன இருக்கிறது? ரசீது கையில் இருக்கும்போது கடனை நம்பிக் கொடுத்தேன் என்று சொல்ல முடியுமா!

'ஆமாம்' என்ற பதில் மட்டும் சுலபமானதா என்ன? அதற்கும் இந்த மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. தேரிக் காட்டுப் பக்கம் வெள்ளாளன்விளை என்ற ஊர். அங்கே ஒரு பாதிரியார் குடும்பத்தில் முதல் பெண் குழந்தைக்குப் பிறகு பதின்மூன்று வருஷம் குழந்தையே இல்லை. ஆண் பிள்ளை பிறந்தால் கடவுளுக்கே கொடுத்துவிடுகிறோம் என்று வேண்டிக்கொண்டார்கள். 1874-ல் பிறந்தான் பையன். வேதநாயகம் சாமுவேல் அசரியா. கொடுத்தவர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார். நெல்லைக்காரர்களின் இந்திய மிஷனரி சங்கத்தை 1903-ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய அசரியா, 1909-ல் ஊரையும் மொழியையும் விட்டுத் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். 1945-ல் அங்கேயே இறந்தார். பதின்மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய பிள்ளை, தெலுங்குக்காரர்களுக்குப் பிள்ளையாகிவிட்டான். கேட்டது கிடைத்தாலும் கையை விரித்துத்தான் வைத்திருக்க வேண்டும் போல!

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வரவில்லை என்றால் எனக்கு வருத்தம்.

எல்லாமே கடவுள் சித்தம் என்றால், பிரீனாவுக்குப் பொட்டுக் கட்டுவதும் சித்தம்தானே? ஏமி ஏன் குறுக்கே வந்தார்? 'அது அவள் விதி' என்று விட்டுவிட்டு வண்டியேறிக் கிராமத்துக்குப் போயிருக்கலாமே!

இந்த இடத்தில்தான் ஏமி கார்மைக்கேலை நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கவனிக்கிறேன்.

தன் ஆசைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்த இந்தப் பெண்மணி, அந்தக் குழந்தைகள் விஷயத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கண்ட கொடுமைகளைப் பூசி மெழுகாமல் 1903-ல் புத்தகமாக எழுதினார். 'உள்ளது உள்ளபடி' என்ற அர்த்தத்தில் அதற்குத் தலைப்பு. சக மிஷனரிகளிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. கோர்ட்டு வழக்குகளில் நின்றார். 1911-ல் ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஒப்படைப்பதற்குள் சிறுமியைக் காணோம்! யாரோ இரவோடு இரவாக மாறுவேஷத்தில் இலங்கைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சீனாவுக்கே அனுப்பிவிட்டார்கள். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றார் ஏமி. வருஷங்கள் கழித்துத்தான் அந்தப் பெண் திரும்பி வந்தாள். சட்டப்படி சரியா? வக்கீல்கள் சண்டை போடட்டும். ஆனால் ஒன்று நிச்சயம். கோர்ட்டுத் தீர்ப்பையும் கடவுள் தீர்ப்பையும் டோனாவூரில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தேவதாசி முறையின் வரலாறு ஏமி பார்த்த பக்கம் மட்டுமே அல்ல. வீணை தனம்மாள் மாதிரி மேதைகளைத் தந்த மரபு அது. தடைச் சட்ட முயற்சியை பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். மறுபக்கம், அந்த முறையின் கொடுமையை உள்ளேயிருந்து பார்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதை ஒழிக்கப் பாடுபட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. மிஷனரிகள் நம் சமூகத்தைப் பார்த்த பார்வை மீது விமர்சனங்களும் உண்டு. எல்லாம் சரி. சூடு போட்ட கையோடு ஓடிவந்த ஏழு வயசுக் குழந்தைக்கு இந்த விவாதம் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது, ஒரு கதவு திறந்தது என்பது மட்டும்தான்.

சரி, கதையின் கடினமான பகுதிக்கு வந்துவிட்டோம்.

1931. ஏமிக்கு 63 வயசு. அன்று காலையில் ஒரு ஜெபம் செய்தார். உமக்கும் என் பிள்ளைகளுக்கும் இன்னும் நன்றாகப் பயன்படும்படி என்னை ஆக்கும், அதற்காக என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்கிற பொருளில்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்பது இதுதான்.

சாயங்காலம் களக்காட்டுக்குப் போனார். அங்கே மருத்துவப் பணிக்காக ஒரு வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்வையிட. இருட்ட ஆரம்பித்திருந்தது. கழிப்பறைக்காகத் தோண்டிய குழி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. ஏமி கால் வைத்தார்.

கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் பிசகியது. ஆரல்வாய்மொழி கணவாய்க்கு அந்தப் பக்கம், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். (எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்துவிட்டு, பிறகு டாக்டராக வந்து அமர்ந்த ஹோவர்ட் சோமர்வெல் பணிபுரிந்த அதே நெய்யூர்தான்.) கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். டோனாவூரே மண்டியிட்டு ஜெபித்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள், 'அம்மா எழுந்து நடக்கணும்' என்று கேட்டார்கள்.

அம்மா பழையபடி எழுந்து நடக்கவே இல்லை. ஒன்றல்ல, ரெண்டல்ல, கிட்டத்தட்ட இருபது வருஷம்! அந்த அறையும் படுக்கையும்தான் உலகம். 1948-ல் அறைக்குள்ளேயே இன்னொருமுறை விழுந்தார். அதோடு படுக்கையை விட்டு இறங்குவதும் நின்றுபோனது.

நெல்லைக்கார அண்ணாச்சி யாராவது இதைப் படித்தால் நறுக்கென்று கேட்பார்: "ஏன்யா, தப்பான இடத்துல குழி தோண்டிப் போட்டவன் ஒருத்தன். அதுக்குப் பேரு கடவுள் சித்தமா?"

நியாயமான கேள்வி. இதற்கு ரெண்டு சுலபமான பதில்கள் உண்டு. ஒன்று, 'ஆமாம், கடவுள்தான் தள்ளிவிட்டார்'. இது கடவுளைக் கொடுமைக்காரர் ஆக்கிவிடுகிறது. இன்னொன்று, 'கடவுளாவது, சித்தமாவது! வேலையாள் கவனக்குறைவு, அவ்வளவுதான்'. இது ஏமியின் காலை ஜெபத்தை அர்த்தமில்லாததாக்கிவிடுகிறது.

ஏமி இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. வலியை நல்லது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. வலி வலிதான். டாக்டர் வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லவில்லை. டோனாவூரில் ஆஸ்பத்திரி கட்டியதே அவர்தான். பரம சுக சாலை என்று அழகான தமிழ்ப் பெயர் அதற்கு. வைத்தியமும் பார்த்துக்கொண்டார், குணமாக வேண்டும் என்று கேட்கவும் செய்தார். குணம் வரவில்லை என்று ஆனபோது, 'சரி, இந்தக் கட்டிலில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?' என்று யோசிக்க ஆரம்பித்தார். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராதபோது, இனி என்ன என்ற கேள்விக்கு நகர்ந்துவிட்டார். வேறு வழியில்லை என்று தலையைத் தொங்கப்போடுவது ஒன்று. இதுதான் என் இடம் என்று ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்ப்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கட்டில்தான். உள்ளே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

என்ன செய்தார்? எழுதினார். கடிதங்கள் எழுதினார், கவிதைகள் எழுதினார், பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அதில் ஒன்றின் பின்னணி சுவாரசியமானது. நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பிரசுரங்களை நண்பர்கள் ஏமிக்கு அனுப்பினார்கள். படித்துப் பார்த்தவருக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்தபோது பிடிபட்டது. எல்லாமே ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் எழுதியவை! ஆகவே, நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, 1933-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். முள்செடியில் பூத்த ரோஜா என்கிற மாதிரித் தலைப்பு.

இதைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. ஆரோக்கியமானவன் நோயாளியிடம் 'எல்லாம் அவன் சித்தம்' என்று சொன்னால் அது ஒட்டாது.

ஒட்டாததோடு போனால் பரவாயில்லை. சுடவும் செய்யும். நம்மூரில் இந்த வார்த்தை பட்ட பாடு கொஞ்சமா? புருஷனிடம் அடி வாங்கிய முகத்தோடு வருகிற பெண்ணிடம், 'தேவ சித்தம்மா, பொறுத்துக்கோ' என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், பதினாறாம் நாள்கூட ஆகியிருக்காது, 'கடவுளுக்குத் தேவைப்பட்டான், எடுத்துக்கொண்டார்' என்பார்கள். கூலி உயர்வு கேட்டவனிடம், 'கொடுத்ததில் திருப்தியாயிரு' என்று முதலாளி வேதம் பேசுவார். சர்ச்சில் மட்டுமா? விதி, கர்மவினை, தலையெழுத்து, நஸீபு... எந்த மதத்து அகராதியில் தேடினாலும் அடுத்தவன் வாயை மூட ஒரு வார்த்தை கிடைக்கும்.

பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏமி கார்மைக்கேல் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால், 'சித்தம்' என்பது தன்மை ஒருமையில் மட்டுமே வரக்கூடிய வார்த்தை என்று தோன்றுகிறது. 'எனக்கு நீலக் கண் இல்லை, சரி. எனக்குச் சீனா இல்லை, சரி. எனக்கு இனி நடை இல்லை, சரி.' இதெல்லாம் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. பிரீனாவைப் பார்த்து 'உனக்கு இதுதான் சித்தம்' என்று முன்னிலையில் அவர் சொல்லவில்லை. குழந்தைகளைக் காட்டி 'அவர்களுக்கு இதுதான் விதி' என்று படர்க்கையில் ஊர் உலகத்துக்கு விளக்கம் கொடுக்கவும் இல்லை. தன் ஆசையை விடுவதற்கு அந்த வார்த்தை. அடுத்தவர் துன்பத்தை விட்டுவிடுவதற்கு அல்ல.

பக்கத்து வீட்டில் பசி என்றால் அது நமக்கு வந்த வேலை. நம் வீட்டில், எல்லாம் செய்து பார்த்தபிறகும் அடைபட்டே கிடக்கிற கதவு என்றால்... அதன் முன்னால் என்ன செய்வது என்பது அவரவருக்கும் அவரவர் கடவுளுக்கும் நடுவில் உள்ள பேச்சுவார்த்தை. வெளியே இருக்கிற யாருக்கும் அதில் சீட் கிடையாது.

1951 ஜனவரி 18-ம் தேதி, 83-வது வயசில், அந்த அறையிலேயே ஏமி இறந்தார். தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அவர் ஆசைகளில் பிசகாமல் நிறைவேறியது ஒருவேளை அது ஒன்றுதானோ என்னவோ! டோனாவூரில் மரநிழலில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில், பிள்ளைகள் சேர்ந்து பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு வார்த்தை.

'அம்மை.'

அடுத்தமுறை குற்றாலம், பாபநாசம் என்று கிளம்பினால், களக்காட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பிப் பாருங்கள். டோனாவூர் ஐக்கியம் இன்றும் குழந்தைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் இயங்கிவருகிறது. மலையடிவாரம், அமைதியான ஊர். அங்கே சுற்றிப் பார்க்க அருவியோ, போட்டோ எடுக்கப் பெரிய கோபுரமோ இல்லை. குருவிகள் தண்ணீர் குடிக்கும்.